எழுபத்திரண்டு கிலோ

1. மணல்

அன்று காலை டியோடிக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் இரண்டு வார்டர்கள் கோணிப்பையில் மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டியோடி என்றால் ஜெயிலின் முன்வாசல் ஆபீஸ். என் மேசை அங்கேதான். மாவுக் கிடங்கிலிருந்து சக்கரம் வைத்த பழைய இரும்புத் தராசை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஹெட் வார்டர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. எட்டிப் பார்த்தேன். அதில் 72 என்று மட்டும் எழுதியிருந்தது.

கையெழுத்து யாருடையதோ, எண் என்னுடையது.

மணல் மூட்டை எதற்கு என்று ஜெயிலில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்குக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பார்கள். கைதியின் எடையை வைத்து மூட்டைக்கும் கணக்கு, கயிற்றின் நீளத்துக்கும் கணக்கு. எடை தப்பானால் கயிறு தப்பாகும். கயிறு தப்பானால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. குழந்தைகளும் படிக்கிற மலர், பார்த்து எழுதுங்கள் என்று ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ் மன்றத்தார் சொல்லியிருக்கிறார்கள். தில்லியில் பிறந்த எந்தக் குழந்தை தமிழ் படிக்கிறது என்பது வேறு விஷயம்.

நான் ஜெயில் ஆபீசில் ரெக்கார்ட் கிளார்க்காக இருந்தவன். முப்பத்தோரு வருஷம். எந்த ஜெயில் என்று சொல்லவில்லை, ஆட்களின் உண்மைப் பெயரையும் எழுதவில்லை. "வேலை அனுபவம் எழுதுங்க சார், ஜெயில் கதைன்னா எல்லாரும் படிப்பாங்க" என்றார் மன்றச் செயலாளர். படிப்பார்கள்தான். இதில் வீரதீரம் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மூட்டையைப் பார்த்தபோது ரிட்டயர்மெண்டுக்கு ஏழு மாதம் இருந்தது. 72 என்பது பொய் என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

2. டிக்கெட்டில் ஒரு ஆயுள்

ஒவ்வொரு கைதிக்கும் ஜெயிலில் ஒரு ஹிஸ்டரி டிக்கெட் உண்டு. பெயர்தான் டிக்கெட், பார்த்தால் மடித்துத் தைத்த சின்ன நோட்டு. உள்ளே வந்த தேதி, கேஸ், வார்டு மாற்றம், காய்ச்சல், தண்டனை, முலாகாத்துக்கு, அதாவது பார்த்துப் பேச, வந்த உறவினர் பெயர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை எல்லாம் அதில் ஏறும். அதை எழுதிப் பாதுகாப்பதுதான் என் வேலை. ஒருவனைப் பற்றி அவன் அம்மாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

மூட்டை யாருக்காக நிரம்பிக்கொண்டிருந்ததோ, அவனை ஹாரிஸ் என்று வைத்துக்கொள்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் தானிய மண்டி உள்ள ஒரு ஊர். அப்பா அந்த மண்டியில் மூட்டை எடைபோடுகிறவர். பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் படித்தான், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான், அங்கே யாரோ சிலரோடு பழகினான், அப்படியே எல்லை தாண்டி ஒரு ஜிஹாத் இயக்கத்தின் முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தான். திரும்பி வந்தவன் ஒரு பஸ் ஸ்டாண்டில், பெஞ்சுக்கு அடியில், டிஃபன் டப்பாவை வைத்துவிட்டு நடந்து போனான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளும் செத்துப்போனார்கள்.

அவன் மறுக்கவில்லை. கோர்ட்டில் கேட்டபோது, கடவுளுக்காகச் செய்தேன் என்றான். வெள்ளிக்கிழமைதோறும் ஜெயிலுக்கு வரும் மௌல்வி அவனிடம் பேசிப் பேசி அலுத்துப்போனார். ஒரு நாள் என் மேசையில் டீ குடித்துக்கொண்டே, "சுந்தரம்ஜி, இவன் சொல்ற மார்க்கத்த நான் எந்தக் கிதாபுலயும் படிச்சதில்ல" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவரும் மற்றவர்களும் பேசியது இந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் சில வருஷம் டிக்கெட்டில் சிவப்பு மை அதிகம். கோஷம் போட்டான், வார்டரைத் தள்ளினான், தட்டை வீசினான். பிறகு சிவப்பு மை குறைந்தது. சுப்ரீம் கோர்ட்டில் தோற்றான், கருணை மனு போனது. அது தள்ளுபடியான பிறகு சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். ரம்ஜான் முடிந்தும் பாதி நாள் நோன்பு. மாதம் ஒரு முறை டிக்கெட்டில் கையெழுத்து வாங்க ஹை செக்யூரிட்டி வார்டுக்குப் போவேன். உருதுவில் கையெழுத்துப் போடுவான். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, குர்தா தோளில் நிற்கவில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து 72 என்று எழுதினேன்.

3. டிட்டோ

நடந்தது இதுதான். அந்த வார்டில் இருந்த எடை மெஷின் கெட்டுப்போனது. புதிது கேட்டு எழுதினோம், பதில் இல்லை. ஆஸ்பத்திரி பிளாக்கில் வேறொன்று இருந்தது. ஆனால் ஹை செக்யூரிட்டி ஆளை அங்கே கொண்டுபோக நாலு எஸ்கார்ட், டெபுடி சூப்பரின்டெண்டின் அனுமதி, கேட்டில் என்ட்ரி என்று பாதி நாள் போய்விடும். எடை பார்த்து ஸ்லிப் தர வேண்டியவர் ஃபார்மசிஸ்ட் செல்வராஜ், மதுரைக்காரர். ஸ்லிப் வரவில்லையே என்று கேட்டேன்.

"மெசினு மண்டையப் போட்டுருச்சுண்ணே. போன தடவ உள்ளத அப்புடியே போடுங்க. அவெய்ங்க எங்கிட்டுப் போயிரப் போறாய்ங்க" என்றார்.

போட்டேன். அடுத்த முறையும் போட்டேன். மெடிக்கல் ஆபீசர் மொத்தமாகப் பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதத்தில் பதினேழு முறை. அந்த வார்டில் எல்லாருக்கும் அப்படித்தான், இவனுக்கு மட்டும் விசேஷம் ஒன்றும் இல்லை. டிட்டோ போடாத கிளார்க் யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆடிட்டில் கேள்வி வரும், நிரம்பியிருந்தால் வராது. எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஞானம் அவ்வளவுதான்.

மணலைப் பார்த்ததும் நேராகச் செல்வராஜிடம் போனேன். அவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். சொன்னதும் எண்ணிக்கை விட்டுப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இப்பப் போயிச் சொன்னம்னா ரெண்டு பேருக்கும் சஸ்பென்சன்தேன். எனக்கு இன்னும் பன்னெண்டு வருசம் சர்வீஸ் கெடக்கு."

"எனக்கு ஏழு மாசம்."

"அதத்தேன் நானும் சொல்றேன். என்னா பெருசா கொறஞ்சிருக்கப் போறான்? ரெண்டு கிலோ, மூணு கிலோ."

"நீங்க அவனப் பாத்தீங்களா செல்வராஜ்?"

அவர் மறுபடி மாத்திரை எண்ணப் போனார். அவரும் பார்த்திருந்தார்.

அவன் கொலைகாரன். அதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை. அவன் சாகவேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது, அதற்கு நான் யார். ஆனால் எப்படிச் சாகவேண்டும் என்பது என் சோம்பேறித்தனத்தின் கையில் இருந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது இன்னும் பயமாக இருந்தது.

4. டெபுடி சாப்

எங்கள் டெபுடி சூப்பரின்டெண்ட் ஹரியானாக்காரர். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குப் போகாமல் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். டெத் வாரண்ட் அவர் பீரோவில் இருந்தது. கைதிக்கு மறுநாள்தான் முறைப்படி சொல்வார்கள், வீட்டாருக்கும் அப்போதுதான் தகவல் போகும். அதுவரை வார்டில் காற்றுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் அவனை எடைபோடாமல் ரெக்கார்டிலிருந்து எடுத்தார்கள். எட்டு மாதமாக ஒரு கிலோ ஏறாமல் இறங்காமல் இருந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது.

"சாப், ஹாரிஸ் எடை எழுவத்திரண்டு இல்ல" என்றேன்.

"ரெஜிஸ்டர்ல அப்படித்தான இருக்கு?"

"ரெஜிஸ்டர்ல எழுதினது நான். மெஷின் இல்ல சாப். எட்டு மாசமா எடை பாக்காமலே எழுதினேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"சுந்தரம்ஜி, இந்த ஜெயில்ல எல்லாரும் தூங்கினாலும் மதராசி பாபு சரியா எழுதுவாருன்னு நான் மேல சொல்லி வெச்சிருக்கேன்."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முப்பது வருஷத்தில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "அவன மட்டும் எடைபோட்டா புரிஞ்சுக்குவான். வார்டு முழுக்கப் போடுங்க. ரொட்டீன் மாதிரி. கிடங்குத் தராச எடுத்துக்குங்க, இருக்கிறது அது ஒண்ணுதான். ஜல்தி."

"பழைய என்ட்ரி?"

"அதத் தொடாதீங்க. டாக்டர் கையெழுத்து இருக்கு. அடிச்சுத் திருத்தினா இந்த நேரத்துல வேற கதை ஆயிடும். இன்னிய எடைய இன்னிய தேதியில எழுதுங்க. போங்க, நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

அவர் என்னைக் காப்பாற்றினார். காப்பாற்றிய விதம்தான் பின்னால் வினையாக வந்தது.

5. எடை

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தராசை உருட்டிக்கொண்டு வார்டுக்குப் போனோம். செல்வராஜ், நான், இரண்டு வார்டர்கள். முதல் செல்லிலிருந்து ஒவ்வொருவராக ஏற்றினோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "என்ன பாபுஜி, எங்களையும் மாவுல சேத்துட்டீங்களா?" என்று சிரித்தார். செல்வராஜ் எடையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாருக்குமே பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஒருவன் பத்து கிலோ ஏறியிருந்தான்.

ஹாரிஸ் ஆறாவது ஆள். செல்லை விட்டு வெளியே வந்தவன் தராசைப் பார்த்தான். உடனே ஏறவில்லை. குனிந்து தட்டைப் பார்த்தான். அதன் ஓரத்தில், போல்ட் இருக்கும் பள்ளத்தில், மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் மூட்டையை எடைபோட்டபோது சிந்திய மணல். தட்டைத் துடைக்கவேண்டும் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் விரலால் அதைத் தொட்டு, தேய்த்துப் பார்த்தான். பிறகு கையாலேயே தட்டைச் சுத்தமாகத் துடைத்தான்.

"எங்க அப்பா தூசி இருக்கிற தட்டுல எடைபோட மாட்டாரு" என்றான்.

ஏறி நின்றான். செல்வராஜ் தண்டின் மேல் குண்டை நகர்த்தினார். எழுபத்திரண்டில் தண்டு அசையவே இல்லை. எழுபது, அறுபத்தைந்து, அறுபது. ஹாரிஸ் பொறுமையாக நின்றான். கடைசியில் அவனே சொன்னான்: "அம்பத்திநாலுல வெச்சுப் பாருங்க." தண்டு நேராக நின்றது.

நான் எழுதப்போனேன். அவன் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தான். மேலிருந்து கீழ் வரை 72.

"எட்டு மாசமா ஒருத்தரும் எடை பாக்க வரல. இன்னைக்கு வந்திருக்கீங்க, மண்ணோட." குரலில் கோபம் இல்லை. "இதையாவது சரியா எழுதுங்க பாபுஜி. நிறுக்காம எழுதுறது பாவம்னு எங்க அப்பா சொல்லுவாரு."

எனக்குச் சுரீர் என்றது. பிள்ளைகளைக் கொன்றவன் எனக்குப் பாவத்தைப் பற்றிச் சொல்கிறான். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த டப்பாவ நிறுத்துப் பாத்தியா?"

வார்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹாரிஸ் தராசின் மேலேயே நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தேன். நாலு கிலோ இருநூறு" என்றான். கொஞ்சம் கழித்து, "அப்பாவோட தராசுலதான்" என்றான்.

அதன் பிறகு இறங்கி உள்ளே போய்விட்டான். நான் 54 என்று எழுதினேன். மீதமிருந்தவர்களையும் எடைபோட்டோம், ரொட்டீன் என்று சொல்லி வந்தோம் அல்லவா. திரும்பி வரும்போது முற்றத்தில் மூட்டையை அவிழ்த்து மணலை வெளியே அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் காபிப்பொடி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கினேன். காலையிலேயே என் மனைவி கோமதி சொல்லி அனுப்பியிருந்தாள். கடைக்காரர் பொட்டலத்தை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். எண் ஓடி ஓடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். "சரியாத்தான் இருக்கு சார்" என்றார் அவர், நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து.

6. அண்ணன்

ஐந்து நாள் கழித்து விடிகாலையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். நான் அங்கே இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்தபோது டெபுடி என் மேசையைத் தாண்டிப் போனார். "எல்லாம் சரியா நடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். சரியான எடையில் நடந்தது என்று நான் புரிந்துகொண்டேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மத்தியானம் வரை இருந்தது.

மத்தியானம் அவனுடைய அண்ணன் வந்தார். முந்தின நாள் அம்மாவோடு கடைசி முலாகாத்துக்கு வந்தவர், தில்லியிலேயே தங்கியிருந்தார். சாமான்களை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். இரண்டு குர்தா, ஒரு தொழுகை விரிப்பு, மூக்குக்கண்ணாடி, கடிதக் கட்டு. ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அப்பாவுக்குப் பிறகு மண்டியில் அவர்தான் எடைபோடுகிறார் என்று முலாகாத் படிவத்தில் இருந்தது.

பெற்றுக்கொண்டேன் என்று டிக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். நீட்டினேன். எதிர்ப் பக்கத்தில் எடைக் கட்டங்கள். அதை மறைக்கத் தோன்றவில்லை எனக்கு. அவர் பேனாவைப் பிடித்தபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இந்தியும் இங்கிலீஷும் அவருக்கு எவ்வளவு வருமோ, எண்கள் வரும்.

"எழுவத்திரண்டு, எழுவத்திரண்டு" என்று விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. "அம்பத்திநாலு. பதினஞ்சு நாளுல பதினெட்டு கிலோவா? என்ன பண்ணீங்க அவன?"

"ஒண்ணும் பண்ணல. அவராத்தான் சாப்பாட்டக் குறைச்சாரு. பல மாசமா."

"பல மாசமான்னா இதுல ஏன் எழுவத்திரண்டு இருக்கு?"

ஆபீசில் அப்போது வேறு யாரும் இல்லை. நான் உண்மையைச் சொன்னேன். மெஷின் கெட்டிருந்தது, எடை பார்க்கவில்லை, பார்க்காமலே எழுதினேன், எழுதியது நான்தான். டெபுடியிடம் சொன்னபோதுகூட இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எடை பாக்காம எடை எழுதுவாங்களா யாராவது? நாப்பது வருஷம் எங்க அப்பா தராசு பிடிச்சாரு. நான் இருவது வருஷமாப் பிடிக்கிறேன். அப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. நீங்க இப்பத்தான் பொய் சொல்றீங்க." பேனாவை மேசையில் வைத்தார். "தூக்குல போட்டீங்க, சரி. அதுக்கு முன்னால அவன ஏன் பட்டினி போட்டீங்க? எங்க தராசு யாருக்கும் பொய் சொன்னதில்ல பாபுஜி."

நாலு கிலோ இருநூறு என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அந்தத் தராசில் கடைசியாக உங்கள் தம்பி எதை நிறுத்தான் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். விழுங்கிக்கொண்டேன். அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது அந்தத் தராசு ஒன்றுதான்.

அவர் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். சண்டை போடவில்லை, யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பதினைந்து நாள் தம்பியைப் பட்டினி போட்டுப் பாதியாக்கிக் கொன்றார்கள் என்று சொல்லியிருப்பார். ரெக்கார்டில் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்றும் சொல்லியிருப்பார். அவர் பார்த்ததும் உண்மைதான். அதைக் கேட்டுக்கொண்டு அந்த ஊரில் எத்தனை பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவன் என்ன யோசித்திருப்பான் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து மாலை போட்டார்கள். செல்வராஜ் அழுதார். டெபுடி பேசும்போது, ரெக்கார்ட் என்றால் சுந்தரம்ஜிதான் என்றார். அந்த டிக்கெட் இன்னும் அங்கே பீரோவில் இருக்கும். பதினேழு பொய், அதன் கீழே ஒரு உண்மை. படிக்கிறவர்களுக்கு அந்த உண்மைதான் சந்தேகமாகத் தெரியும்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். மெஷின் கெட்டிருந்தால் "மெஷின் கெட்டுவிட்டது, எடை பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். கட்டம் சின்னது, இடம் பத்தாது என்பார்கள். பத்தும். ரிட்டயர் ஆவதற்கு முன் ஒரு காலி டிக்கெட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன்.